தொந்தியும் எலும்பும்

மேதின மலர் ஒன்றுக்காக மலைநாட்டு இளைஞரிடையே நடத்தப்பட்ட சிறுகதைப் போட்டியில் நடுவருள் ஒருவராக இருக்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, இராகலை ஆகிய பகுதிகளிலிருந்து கதைகள் வந்திருந்தன. எழுதியோரிற் பெரும்பாலோர் உயர்தர வகுப்பு மாணவர். சிலர் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர். எல்லாக் கதைகளிலும் நல்ல நோக்கம் இருந்தது. லயத்துக் காம்பராவின் ஒழுகும் தகரமும், பெரட்டுக்களத்தின் அதட்டலும், கொழுந்து மடுவத்துத் தராசின் களவும் பொய்யின்றிச் சொல்லப்பட்டிருந்தன.

ஆயினும் ஐந்தாறு கதைகளைப் படித்து முடிப்பதற்குள் ஒன்று என் கண்ணில் தைத்தது. துரையோ, பெரிய கங்காணியோ, கடை முதலாளியோ, விலைபோன சங்கத் தலைவரோ வருகிற இடத்தில் முதலில் தொந்தி வருகிறது; அதன் பின்னரே ஆள் வருகிறார். தொழிலாளி வருகிற இடத்தில் 'எலும்பும் தோலும்' வருகின்றன; ஆள் வருவதேயில்லை. எத்தனை தொந்திகள், எத்தனை எலும்புக்கூடுகள் என்று ஒரு தாளிற் கோடிட்டு எண்ணத் தொடங்கினேன், பாதியிலே நிறுத்திவிட்டேன். இந்த இளைஞர் இதை யாரிடமிருந்து கற்றனர் என்ற கேள்வி எழுந்தபோது, அதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நாம்தாம் கற்பித்தோம். நான் கற்பித்த விதத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அப்போது நான் பணியாற்றிய ஒரு தோட்டப்புறப் பாடசாலையில், தமிழ்த்தினப் போட்டிக்கென நாடகம் ஒன்றை எழுதிப் பழக்கினேன். பழைய காலத்துப் பெரிய கங்காணி ஒருவரைப் பற்றிய நாடகம் அது. நடிகர் அனைவரும் மாணவியரே. கங்காணி வேடத்துக்குப் பத்தாம் தரத்தில் இருந்த ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்தேன். அவள் நன்றாகப் பேசுவாள் என்பது உண்மை. ஆனால் நான் அவளைத் தெரிந்தது அதற்காகவன்று. வகுப்பிலே தடித்த உடல் அவளுடையதே. "நீ வந்து நின்றாலே போதும், கங்காணி வந்துவிட்டார் என்று சனம் விளங்கிக்கொள்ளும்" என்று அனைவர் முன்னிலையிலும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாடகத்தில் ஒரு தொழிலாளி அந்த வயிற்றைச் சுட்டிக்காட்டி, "நம்ம அரைப்பேரெல்லாம் இந்த வயித்துக்குள்ளதான் கெடக்கு" என்று சொல்வதாக ஒரு வசனமும் எழுதியிருந்தேன். குறித்த நிறை கொழுந்து எடுக்காதவருக்குப் பாதிச் சம்பளம் போடுவதே அரைப்பேர் என்பது மலைநாட்டார் அறிந்தது. மண்டபம் அதிரச் சிரித்தது. நாடகம் பரிசு பெற்றது. சுரண்டலைக் கலையிலே தோலுரித்துவிட்டோம் என்ற மிதப்போடு வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் முதல் அவளுக்குப் பாடசாலையிலும் லயத்திலும் 'அரைப்பேர்' என்பதே பெயராயிற்று. அடுத்த நாடகப் பயிற்சிக்கு அவள் வரவில்லை. இரண்டு மாதங் கழித்துக் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். கொழுந்தெடுக்கும் அவள் தாயார் படங்குச் சாக்கை அவிழ்க்காத கோலத்திலே ஓடி வந்தார். "டீச்சர், புள்ள காலையில ரொட்டியத் தம்பிக்குக் குடுத்துட்டு வெறும் தேத்தண்ணியக் குடிச்சிட்டு வருது. ஏன்னு கேட்டா வாய தொறக்க மாட்டேங்குது" என்றார். காரணத்தை நான் அறிவேன். அன்று நானும் வாய் திறக்கவில்லை.

உடலை எள்ளிச் சிரிப்பது நம்முடைய நாடகத்தோடு பிறந்த வழக்கமன்று. தமிழிலக்கியம் கற்றவர் எவரும் அதன் பழைமையை அறிவர். நகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களங்கள் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தபோது, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று எள்ளலையே முதலில் வைத்தார். சிரிப்பின் முதல் ஊற்று பிறரை இகழ்தலே என்று அப்பேராசான் கண்டது சிந்திக்கத்தக்கது. அவர் அதை நன்றென்றும் சொல்லவில்லை, தீதென்றும் சொல்லவில்லை. உலக வழக்கைப் பதிந்தார். பின்வந்த நாம் அதைக் கலைக்கு அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டோம்.

கலித்தொகையின் மருதக்கலியிலே கூனியொருத்தியும் குறளன் ஒருவனும் உரையாடும் பாட்டு ஒன்று உண்டு. பல்கலைக்கழக வகுப்பில் அதனைப் படித்தபோது விரிவுரை மண்டபம் முழுதும் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒருவர் உடலை மற்றவர் எள்ளி, உவமைக்கு மேல் உவமையாக அடுக்கிக்கொண்டே போவர். நாம் சிரித்தது அந்த உவமைகளுக்காக. ஆனால் பாட்டின் முடிவை நாம் சரியாகப் பார்க்கவில்லை. இனி ஒருவரையொருவர் எள்ளுவதில்லை என்று அவ்விருவரும் இசைகின்றனர். அரண்மனையில் உள்ளோர் கண்டு சிரிக்காதிருக்க வேண்டும் என்று அங்கிருந்து அகன்று போகின்றனர். அவர்கள் யார்? அரண்மனை ஏவலர். அடியோர்க்கும் வினைவலர்க்கும் அன்பின் ஐந்திணையில் இடமில்லை, கைக்கிளையும் பெருந்திணையுமே உரியன என்று இலக்கணம் ஒதுக்கிவைத்த கூட்டத்தார். தலைவனும் தலைவியும் காதலித்தால் அது அகம். ஏவலர் காதலித்தால் அது வேடிக்கை. அந்த வேடிக்கையின் நடுவிலும், தாம் சிரிக்கப்படுகிறோம் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது என்பதை அப்புலவன் மறைக்கவில்லை. சிரித்த அரண்மனையின் பக்கத்தில் நின்றவர்கள் விரிவுரை மண்டபத்தில் இருந்த நாமே. எம்மிற் பலர் லயத்திலே பிறந்தவர்கள் என்பதுதான் இதில் வேதனை.

இதைவிட ஆழமான சான்று கம்பனிடம் இருக்கிறது. முடிசூட்டு விழாவுக்கென அணிசெய்யப்பட்ட அயோத்தியைக் காணும் மந்தரை, சிறுவனாக இருந்த இராமன் தன் கூனின்மேல் விளையாட்டாக எறிந்த மண்ணுண்டையை நினைத்துக்கொள்கிறாள். ஆழ்வார் பாசுரத்திலும் இந்த உண்டைவில் விளையாட்டுக்குக் குறிப்பு உண்டு. அங்கு அது பெருமானின் குறும்பு. கம்பனோ அதே குறும்பை எறிபட்டவளின் நினைவிலே வைத்துக் காட்டுகிறான். எறிந்தவனுக்கு அது விளையாட்டு, மறந்தும் போயிருப்பான். எறிபட்டவள் எத்தனையோ ஆண்டுகள் அதைச் சுமந்து திரிந்திருக்கிறாள். ஒரு பேரரசு கவிழ்வதற்கும், ஒரு தந்தை மாள்வதற்கும், பதினான்கு ஆண்டு வனவாசத்துக்கும் வித்தாக ஒரு பணிப்பெண்ணின் உடல்மீது செய்த கேலியைக் கம்பன் வைத்தான். வேறெந்தத் தமிழ்ப்புலவனும் பராமுகமான ஒரு கேலிக்கு இத்துணைப் பெரிய விலையை எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

கதை அங்கே முடியவுமில்லை. கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு அரசியல் உரைக்கும்போது, எளியவர் என்று எண்ணி எவரையும் நோகச் செய்யாதே என்று இராமன் அறிவுரை கூறுகிறான். கூனிக்குத் தான் செய்த தீமையையும் அதனால் தான் துயர்க்கடலில் வீழ்ந்ததையும் சான்றாக எடுத்துச் சொல்கிறான். உரையாசிரியர்கள் இவ்விடத்தை இராமனின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டுவர். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன். இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டான், யாரிடம்? ஓர் அரசனிடம். மந்தரையிடமன்று. எதற்காக? ஆட்சி நிலைக்க வேண்டுமே என்பதற்காக. ஒப்புக்கொள்ளும் அந்த வேளையிலுங்கூட அவளுடைய உடலின் குறுக்கத்தைச் சுட்டாமல் அவனாற் பேச முடியவில்லை. இது கம்பனின் குறையன்று. அவனுடைய கூர்மை என்றே கொள்கிறேன்.

வள்ளுவர் உருவத்தைக் கண்டு இகழாதே என்கிறார். பள்ளிச் சுவர்களிலெல்லாம் எழுதத் தகுந்த கட்டளைதான், மறுக்கவில்லை. ஆனால் அக்குறள் இருக்கும் அதிகாரம் எது? வினைத்திட்பம். இகழாமைக்கு அவர் காட்டும் உவமை எது? பெருந்தேரைத் தாங்கும் அச்சாணி. சிறியது ஆனாலும் பயன்படுகிறது, ஆகவே இகழாதே என்பதே அங்குள்ள நியாயம். தேருக்குப் பயன்படாத ஓர் ஆணியை என்ன செய்வது? ஒரு மனிதவுடல் தான் செய்யும் வேலையின் அளவுக்கே மதிப்புப் பெறும் என்ற கருத்தைக் கேட்கும்போது, மலைநாட்டாருக்கு வள்ளுவர் நினைவுக்கு வருவதில்லை. கணக்கப்பிள்ளையே நினைவுக்கு வருகிறார்.

மரபைக் குறைகூறுவது நமக்கு எளிது. நமது சொந்த வீட்டுக்குள் பார்ப்பதே கடினம்.

இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றியது. 1960களின் தொடக்கத்தில் மரபுவாதிகளோடு நடந்த பெரும் வாதத்தில், உழைக்கும் மக்களின் பேச்சு 'இழிசனர் வழக்கு' என்று எள்ளப்பட்டது. அந்த எள்ளலை நம் முன்னோடிகள் தலைநிமிர்ந்து எதிர்கொண்டனர். எவரை இழிசனர் என்கிறீரோ அவர் மொழியே இலக்கியமாகும் என்று எழுதிக் காட்டினர். அதனாலேயே இன்று என்னுடைய மாணவி தன் தாயின் பேச்சைக் கட்டுரைக் கொப்பியிலே எழுத முடிகிறது. அந்தப் போராட்டம் மக்களின் நாவை இகழ்ச்சியிலிருந்து மீட்டது. அவர்களின் உடலை மீட்டதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. உடலைப் பொறுத்தவரையில் நாம் பழைய எள்ளலைக் கைவிடவில்லை. அதற்கு ஒரு வர்க்கச் சாயம் பூசி வைத்துக்கொண்டோம்.

தொந்தி பெருத்த முதலாளி எங்கிருந்து வந்தார் என்பதற்கு வரலாறு உண்டு. 1871இல் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் தோமஸ் நாஸ்ற், நியூயோர்க் நகரைக் கொள்ளையடித்த அரசியல்வாதி ருவீட் என்பவரைப் பருத்த உடலும் தலைக்குப் பதிலாகப் பணமூட்டையும் உடையவராக வரைந்தார். ஒக்டோபர் புரட்சிக்குப் பின்னர், 1919 முதல் 1921 வரை, மாயகோவ்ஸ்கியும் தோழரும் கடைச் சன்னல்களில் ஒட்டிய 'ரோஸ்ற்றா' சுவரொட்டிகளில் கொழுத்த பூர்சுவாவும் மெலிந்த தொழிலாளியும் எதிரெதிரே நின்றனர். எழுத்தறியாத கோடிக்கணக்கானோருக்கு ஒரே பார்வையில் அரசியலைச் சொல்ல வேண்டியிருந்த காலம் அது, நாடெங்கும் பஞ்சம். சோறு உள்ளவனுக்கே சதை இருந்தது. அந்த நிலையில் தொந்தி என்பது உண்மையான சமூகக் குறியீடு. நமது மலைநாட்டிலும் பெரிய கங்காணியின் வயிறும் தங்கச் சங்கிலியும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரணங்கள் பெருகின. அக்காலத்தைக் கண்ட என் அம்மாயி, யாராவது கொஞ்சம் சதைபிடித்து வந்தால் "ஒடம்பு வச்சிருக்கு, நல்லாருக்கு" என்றே வாயார வாழ்த்துவார். அவருக்குத் தடிப்பு என்பது பசியிலிருந்து தப்பியதற்கான சாட்சி.

1888இல் மார்கரெற் ஹாக்னெஸ் என்ற நாவலாசிரியைக்கு ஏங்கெல்ஸ் எழுதிய கடிதத்தை முற்போக்கு விமரிசகர் அனைவரும் அறிவர். வகைமாதிரியான சூழ்நிலைகளில் வகைமாதிரியான மாந்தரை மெய்யாகப் படைப்பதே யதார்த்தம் என்பது அதன் சாரம். வகைமாதிரி என்பது அச்சுவார்ப்பு அன்று. சூழ்நிலை மாறியபின்னும் பழைய அச்சிலே ஆளை வார்த்துக்கொண்டிருப்பது யதார்த்தத்துக்கு எதிரானது. இன்று தோட்டங்களை நிருவகிக்கும் கம்பனிகளின் பணிப்பாளர் கொழும்பிலே உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகிறார், அளந்து உண்கிறார், மெலிந்திருக்கிறார். தோட்டத்துக்கு வருகின்ற இளந்துரைமாரிற் பலரும் அப்படியே. தடித்தவர்களைத் தேடுவோமானால் லயத்திலேயே காணலாம். நாற்பது வயது கடந்த பெண்களிற் பலர் பருத்த உடலோடும் நீரிழிவோடும் மலையேறுகின்றனர். அதே காம்பராவில் வயதுக்கேற்ற வளர்த்தியில்லாத பேரப்பிள்ளை உறங்குகிறது. நம் கதைகளின் கணக்குப்படி இந்தப் பாட்டி எந்த வர்க்கம்?

அந்தத் தடிப்பு எதனால் ஆனது என்று பார்ப்பதே விமரிசனத்தின் வேலை. காலையில் கோதுமை மா ரொட்டி, பகலில் ரொட்டி, அதனோடு ஒரு சம்பல். களைப்புக்குச் சீனி கூட்டிய தேநீர். பருப்பும் முட்டையும் மீனும் கீரையும் சம்பளக் கிழமைக்கு உரியவை. 2022 ஜனவரியில் அரசாங்கம் நிவாரணப் பொதியொன்றை அறிவித்தபோது, தோட்டக் குடும்பங்களுக்கென்று அதில் இருந்தது மாதம் 15 கிலோ கோதுமை மாவைச் சலுகை விலையில் கொடுக்கும் திட்டம். நம்மை மாவினால் ஆன மக்கள் என்று ஆட்சியாளரும் அறிந்தே இருக்கின்றனர். மாவும் சீனியும் வயிற்றை நிரப்பும், உடலை ஊதச் செய்யும், வளர்க்க மாட்டா.

இன்னொன்றும் உண்டு, ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 1944, 1945 குளிர்காலத்தில் ஜெர்மானிய நாசிகளின் முற்றுகையால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அந்த மாதங்களில் தாயின் கருவில் இருந்தவர்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, கருவின் முற்பகுதியிலே பசிக்கு ஆளானவரிடம் வளர்ந்தபின் உடற்பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர் டேவிட் பாக்கர், குறைந்த நிறையோடு பிறந்த குழந்தைகளே பிற்காலத்தில் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் எளிதில் ஆளாகின்றனர் என்பதை 1980களிலிருந்து எடுத்துக்காட்டினார். பசியை ஒருமுறை கண்ட உடல், கிடைத்ததைச் சேமித்துவைக்கப் பழகிவிடுகிறது. இனி நமது கணக்கைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவையீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். குறுகிய பிள்ளையும் தடித்த தாயும் எதிரெதிர்த் துருவங்கள் அல்லர். ஒரே பசி இருவரிடமும் இரு வடிவம் கொண்டிருக்கிறது. அன்று நான் மேடையிலே கங்காணியாக நிறுத்திய பிள்ளையின் உடல், கங்காணியின் உடலன்று. கங்காணி யாருடைய அரைப்பேரை விழுங்கினாரோ அவருடைய பேத்தியின் உடல். நான் எழுதிய வசனம் ஆளை மாற்றிக் குற்றஞ்சாட்டியது.

மெலிந்தவர்களை நாம் நன்றாக நடத்துகிறோம் என்றும் சொல்ல முடியாது. பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளன்று பிள்ளைகளை வரிசையிலே நிறுத்தித் தராசில் ஏற்றுவார்கள். ஒருவர் நிறையை உரத்துச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார். அந்த உரத்த குரல் வகுப்பு முழுவதற்கும் கேட்கும். நான் படித்த காலத்தில் என் நிறையைக் கேட்ட ஓர் ஆசிரியை, "இது பிள்ளையா, நெத்தலியா?" என்றார். அவர் அன்புள்ளவர், பிள்ளைகளுக்குத் தம் கைக்காசில் கொப்பி வாங்கிக் கொடுத்தவர். அந்தச் சொல்லை அன்றே மறந்திருப்பார். பேராதனைக்குப் போய்ப் பட்டம் பெற்று வந்த பின்னரும் லயத்தில் எனக்கு அதுவே பெயர். நெத்தலி என்று அழைக்கப்பட்ட நான், இன்னொரு பிள்ளைக்கு அரைப்பேர் என்ற பெயர் விழக் காரணமாயிருந்தேன் என்பதை யோசித்துப் பார்க்கிறேன். அடிபட்டவர்க்கு அடிக்கத் தெரியாது என்பது பொய்.

மலைநாட்டில் நிறை என்ற சொல்லுக்கே தனிக் கனம் உண்டு. ஒரு பெண்ணின் நாள் இரண்டு மூன்று முறை தராசில் ஏறி இறங்குகிறது. பதினெட்டுக் கிலோ என்று ஓரிடத்தில், இருபது என்று இன்னோரிடத்தில். எட்டினால் ஒரு பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிவு. அவளை எடைபோட்டு, எழுதி, குறைத்து, ஒரு பெயராகவோ அரைப் பெயராகவோ ஆக்கிவிடும் வேலையைத் தோட்ட நிருவாகம் நூற்றைம்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறது. மாலையில் வீடு திரும்பினால் அடுத்த லயத்து அக்கா, "என்ன புள்ள, இப்பிடி ஊதிட்ட?" என்றோ "காத்தடிச்சாப் பறந்துருவ போல" என்றோ கேட்கிறார். கேட்பவருக்கு அதில் வஞ்சம் இல்லை. பேச்சைத் தொடங்க ஒரு வழி, அவ்வளவே. ஆனால் தராசு அங்கும் அவளை விடவில்லை. கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலைசெய்து தீபாவளிக்கு ஊர் வருகின்ற பெண்கள், பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் கேட்கும் முதற் சொல் உடலைப் பற்றியதாகவே இருக்கிறது. வருவதையே குறைத்துக்கொண்ட சிலரை நான் அறிவேன்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓமக்குச்சி நரசிம்மன், குண்டு கல்யாணம் என்று நடிகரின் பெயருக்கு முன்னாலேயே உடலைக் கட்டிவிட்ட கலை அது. அக்கலைஞர்களின் பிழைப்பு அதில் இருந்தது. அவர்களைக் குறைசொல்லி என்ன பயன்? அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்து, கதாநாயகிக்குக் கொடியிடை துடியிடை என்று பாட்டெழுதிய மரபுக்கு வகுப்பறையில் அணிநயம் சொல்லிக்கொடுக்கும் நம்மைப் பற்றியே கவலை. இருக்கிறதோ இல்லையோ என்று ஐயுறத்தக்க இடை என்று புலவர்கள் பாடிய இடையிலே, எங்கள் பெண்கள் படங்கைக் கட்டிக்கொண்டு, தலையிலே கயிற்றைப் போட்டுக் கூடையைச் சுமக்கிறார்கள். தேயிலைப் பெட்டிகளின் மேலும் உல்லாசப் பயண விளம்பரங்களிலும் அதே பெண் சிற்றிடையும் புன்னகையுமாய் நிற்கிறாள். அந்தப் படத்துக்கும் நமது எலும்புக்கூட்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: இரண்டையும் வரைந்தவர் அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை.

எழுத்தாளர் உடலைப் பற்றியே எழுதக்கூடாது என்பது என் வாதமன்று. உடலை மறைத்துவிட்டு வறுமையை எழுத முடியாது. புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மருதியின் உடல் சீரழிவதைப் படித்தவர் மறக்கமாட்டார். அங்கே உடலழிவு ஒரு வருணனையாக நிற்கவில்லை. நிகழ்ச்சியாக, காரணகாரியத்தோடு நடக்கிறது. யார் செய்தார், எப்படிச் செய்தார் என்பது தெரிகிறது. நம் மலையகக் கதைஞர் என். எஸ். எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்து' என்று தலைப்பிட்டபோது, எடைபோட வேண்டியது எது என்பதைக் காட்டினார். எழுதுங்கள்; எலும்பு தெரிந்தால் எலும்பையும் எழுதுங்கள். ஆனால் அந்த எலும்புக்குள் ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் உங்கள் கதையை வாசிக்கவுங்கூடும் என்ற நினைவு வேண்டும். நான் மேலே சொன்ன போட்டிக் கதைகளை எழுதியவர்களிற் பலர் மெலிந்த பிள்ளைகளே. தம்மைத் தாமே 'எலும்பும் தோலும்' என்று எழுதும்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அனுதாபமும் ஒருவகைத் தராசுதான் என்பதை அவர்களுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பரிசை அந்த வழக்கம் குறைவாக இருந்த ஒரு கதைக்குக் கொடுத்தோம். அதிலே முதலாளிக்கு உடலே இல்லை. தொலைபேசியிற் குரல் மட்டும் வருகிறது. சக நடுவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. பகைவனை வாசகன் கண்ணால் காண வேண்டாமா என்று கேட்டார். நல்ல கேள்வியே. பகைவனின் செயலைக் காணட்டும் என்றேன். அவர் இன்னும் உடன்படவில்லை.

பழைய நாடகத்தைக் கடந்த தவணை விடுமுறையில் எடுத்துத் திருத்தினேன். வயிற்றைப் பற்றிய வசனத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கங்காணி செக்றோலைப் புரட்டி ஒவ்வொரு பெயராக வாசித்து, பாதிப் பெயரை மட்டும் உச்சரிப்பதாக எழுதினேன். 'செல்லம்மா' என்பவளை 'செல்' என்கிறார். 'மாரியாயி' என்பவளை 'மாரி' என்கிறார். பயிற்சியிலே பிள்ளைகள் முதலிற் சிரித்தார்கள். நாலாவது பெயரிற் சிரிப்பு நின்றது. கங்காணியாக நடிப்பவள் இப்போது நடுத்தர உயரமுள்ள, சாதாரண உடலுடைய ஒரு பிள்ளை. அவளை அவளுடைய குரலுக்காகத் தெரிந்தேன்.

அந்தப் பழைய மாணவி சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். இத்தனை ஆண்டுகளில் அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில், கிட்கிந்தையில் இராமன் செய்ததையே நானும் செய்கிறேன் என்று உறைத்தது: எறிபட்டவள் ஓரிடத்தில் இருக்க, வேறு யாரிடமோ என் குற்றத்தைப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் தம்பி இப்போது என் வகுப்பில் இருக்கிறான். திருத்திய பிரதியோடு ஒரு பக்கக் கடிதத்தையும் வைத்து அவன் கையிலே கொடுத்தனுப்பினேன். பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்திருந்தாள். விடுமுறை கழிந்து வந்த அவனிடம், அக்கா வாசித்தாளா என்று கேட்டேன்.

"வாசிச்சாங்க டீச்சர். கடதாசிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போனாங்க. நாடகத்த என்னய வச்சிக்கச் சொன்னாங்க."